முப்பது வீட்டு நீர்மாலை

நாற்பத்தேழாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய். தவசிமுத்து செத்துப்போன அன்றைக்குக் காலையில் அவன் வீட்டுக் குழாய்ப் பெட்டி சொன்ன கணக்கு அது.

விடிந்ததும் கணக்குச் சொல்வது அந்தப் பெட்டியின் வேலை. குழாய்க்கு மேலே சுவரில் அறைந்து வைத்திருந்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பொம்பளைக் குரல். "வணக்கம், தவசிமுத்து அவர்களே. இன்றே நிலுவையைச் செலுத்தி, தூய குடிநீர் பருகுங்கள்." தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருந்தார்கள்.

தவசிமுத்து உள்ளே பாயில் வாய் பிளந்து கிடந்தான். பெண்டாட்டி செல்லக்கனி அவன் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பெட்டியை ஓங்கி ஓர் அடி அடித்தாள். அது "வணக்கம்" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

புயல் வந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. கடல் எழுந்து வந்து உப்பளத்தையும் காலனியையும் ஒரே பாத்தியாக்கிவிட்டுப் போனது. கிணறெல்லாம் உப்பு. பழைய குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் போனது என்று தோண்டிப் பார்த்தும் தெரியவில்லை. புதுக்குழாய் போட்டுத் தருகிறோம் என்றது அரசாங்கம். சும்மா இல்லை, கடனுக்கு. வீட்டுக்கு ஒரு பங்கு, மாதா மாதம் தவணை. ஒரு வீடு கட்டாமல் போனால் தெருவுக்கே தண்ணீர் வரும் நேரம் குறையும். பந்தல் போட்டு, ஆளுக்கொரு ரோஸ்மில்க் கொடுத்து, கைநாட்டு வாங்க உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் சிக்கல்.

"என்ன அண்ணாச்சி, விரல்ல ஒண்ணுமே இல்லையே? தேய்ச்ச தோசைக்கல்லு மாதிரி இருக்கு" என்றார் விக்டர். குடிநீர்க் கடனுக்கு அவர்தான் ஆபீசர்.

"உப்பு தின்னுட்டு சார்" என்றான் தவசிமுத்து. "கூலிய நாங்க தின்னோம், ரேகைய அது தின்னுச்சு."

முப்பத்தொரு வீட்டிலும் ஒருத்தருக்கும் ரேகை விழவில்லை. அடையாள அட்டையெல்லாம் கடலோடு போயிருந்தது. கண்ணைப் படம் எடுத்தார்கள். வெயிலில் வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்துக் கண்ணும் பழுத்துக் கிடந்தது, மிஷின் ஏற்கவில்லை. ஒரு வாரம் கழித்து விக்டர் அந்தப் பெட்டியோடு வந்தார்.

"இது உங்க தண்ணில ஒரு அடையாளத்தைக் கலக்கும். ருசி தெரியாது, உடம்ப ஒண்ணும் செய்யாது. வீட்டுக்கு வீடு வேற அடையாளம். குடிச்சா உடம்புல நிக்கும், குளிச்சா தோல்ல ஒட்டும். நான் இந்த லைட்ட அடிச்சா எந்த வீட்டு ஆளுன்னு சொல்லிரும். இனிமே தண்ணிதான் உங்களுக்கு ரேகை."

"அப்ப பக்கத்து வீட்ல ஒரு செம்பு வாங்கிக் குடிச்சா?" என்று கேட்டாள் ஜெயராணி. காலனிக் கடன் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"அதைப் பிடிக்கத்தான் இது. தவணை கட்டாம குழாய் மூடின வீட்டுக்கு யாரு தண்ணி கொடுத்தாலும், அந்த வீட்டுக் கடன் தண்ணி கொடுத்தவங்க தலையில ஏறிரும்."

"கடன் வாங்கின ஆளு செத்துட்டா?" இது தவசிமுத்து.

"அந்த வீட்டுக் கடன் தள்ளுபடி. இடுகாட்டு வாசல்ல ஒரு கம்பம் நடுவோம். பொணம் தாண்டும்போது கம்பமே லைட் அடிச்சு எந்த வீடுன்னு பாத்துக்கிடும். யாரும் ஆபீசுக்கு அலைய வேண்டாம்."

"பரவாயில்லையே, சாவுக்காவது அலைய விடல" என்று தவசிமுத்து சொல்ல, பந்தலே சிரித்தது. ரோஸ்மில்க் பிள்ளைகள் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ரெண்டு வருசம் தாங்கியது. பிறகு தவசிமுத்துக்குக் கால் வீங்கியது, மூத்திரம் நின்று நின்று போனது. உப்பளத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிற எல்லாருக்கும் வருவதுதான். உப்பு இழுக்கிற வாருபலகையைப் பிடிக்க முடியாமல் வீட்டில் படுத்தான். செல்லக்கனி ஒருத்தி சுமக்கிற உப்பில் சோறு வந்தது, மாத்திரை வந்தது, தவணை வரவில்லை. மூன்றாவது தவணையும் தவறியபோது தெருவுக்கு அரை மணி நேரத் தண்ணீர் குறைந்தது. மொத்தக் கடனையும் ஒரே தடவையில் கட்டு என்று பெட்டி சொல்ல ஆரம்பித்தது.

ஜெயராணி தெருவைக் கூட்டினாள்.

"ஒரு வீட்டுக்காக முப்பது வீடு காயணுமா? அந்தக் குழாய மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தா நமக்கு நேரம் திரும்ப வரும். மூடலாம்ங்கறவங்க கைய தூக்குங்க."

முப்பது கை எழும்பியது. செல்லக்கனி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அவள் பிரசவம் பார்த்து எடுத்த பிள்ளையின் கையும் இருந்தது.

குழாய் மூடின பிறகு அவர்கள் டீக்கடையில் கேன் தண்ணீர் வாங்கினார்கள். கூலியில் பாதி அதற்கே போனது. குளிப்பதெல்லாம் உப்புத் தண்ணீரில். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது தவசிமுத்து ஜெயராணி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு தம்ளர்" என்றான். ஜெயராணியின் மருமகள் இரக்கப்பட்டுக் கொண்டுவந்துவிட்டாள். அவன் கைக்கு எட்டும்முன் ஜெயராணி தம்ளரைப் பிடுங்கி வாசலிலேயே கவிழ்த்தாள்.

"மைனி!" என்று செல்லக்கனி கத்தினாள்.

"ஏட்டி, என்ன முறைக்க? உன் புருசன் குடிச்சா நாப்பத்தேழாயிரம் என் தலையில விடியும். மண்ணு குடிச்சா மண்ணு கணக்குக் கேக்காது."

அந்த ஈரத்தைத் தவசிமுத்து பார்த்த பார்வையைச் செல்லக்கனி மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஜெயராணியை உறவு சொல்லி மைனி என்று கூப்பிடவும் இல்லை. தேவைப்பட்டால் "தலைவியம்மா" என்பாள், காறித் துப்புகிற மாதிரி.

சாவுச் செய்தி போனதும் விக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தள்ளுபடிக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, சட்டைப்பையிலிருந்து லைட்டை எடுத்துத் தவசிமுத்துவின் கையில் அடித்தார், நெஞ்சில் அடித்தார், பாதத்தில் அடித்தார். மிஷினில் ஒன்றும் வரவில்லை.

"வெறும் உடம்பும்மா" என்றார்.

"அப்படின்னா?"

"அடையாளம் நாப்பது நாள்தான் நிக்கும். உங்க குழாய மூடி நாலு மாசம் ஆச்சு. இவரு எந்த வீட்டு ஆளுன்னு கம்பத்துக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார், இவிய எந்த வீட்டு ஆளுன்னு."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ரேகையும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இவரு செத்தாருன்னு கணக்குல ஏத்த முடியாது. தள்ளுபடி வராது. ஆளக் காணோம்னுதான் எழுத முடியும், கடன் அப்படியே உங்க பேருக்கு மாறும்."

"குழாய மூடுனதும் நீங்க. தண்ணி இல்லாததால ஆளு யாருன்னு தெரியலங்கறதும் நீங்க."

பத்துக் காலனிக்கு விக்டர் ஒருவர்தான் ஆபீசர். எல்லா இடத்திலும் இதே ஏச்சு. லைட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

வெளியே பெண்கள் கூடிப் பேசுகிற சத்தம் கேட்டது. நீர்மாலைப் பேச்சு. பிணத்தை எடுக்கும்முன் பங்காளிகள் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்ட வேண்டும். இந்தக் காலனியில் எல்லாரும் எங்கெங்கிருந்தோ உப்பளத்துக்குப் பிழைக்க வந்தவர்கள், யாருக்கும் பங்காளி கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒரு குடம் என்று வழக்கமாகிப்போனது. உயிரோடு இருக்கும்போது வெட்டிக்கொண்டாலும் நீர்மாலைக்குக் குடம் எடுக்காமல் இருந்துவிட மாட்டார்கள். எடுக்காதவன் வீட்டுப் பிணத்துக்கு நாளைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற பயம்.

"குடிக்கக் கொடுத்தாத்தான் குத்தம். பொணத்துக்கு ஊத்துறது கணக்குல வராது, தைரியமா எடுங்க" என்று ஜெயராணி சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டது.

செல்லக்கனி வாசலுக்குப் போய் அத்தனை குடத்தையும் எட்டி உதைக்கத்தான் எழுந்தாள். கதவடியில் நின்று, என்னவோ தோன்றி, திரும்பினாள்.

"சார். மேல ஊத்துனாலும் ஒட்டும்னு சொன்னீயளே, அந்தக் கம்பத்துக்கு அது தெரியுமா?"

"தெரியும். தோல்ல ஒரு நாள் நிக்கும்."

"யாரு யாரு ஊத்துனாங்கன்னும் தெரியுமா?"

"வீடு வீடாத் தெரியும்." விக்டர் கொஞ்சம் யோசித்தார். "சட்டப்படி பாத்தா, கடன்காரருக்குத் தண்ணி கொடுத்ததா எழுதிரும்னு நெனைக்கேன். உங்க கடன் அவங்க தலையில பிரியும். நிச்சயமாத் தெரியலம்மா. இந்தக் கம்பம் நட்டதுலேருந்து இங்க முதல் சாவு இதுதான். மத்த ஊர்ல எல்லாம் ஒரு வீட்டுத் தண்ணியோடதான் பொணம் வந்திருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிரட்டுமா?"

"நீங்க போங்க சார். சாவு வீட்ல ஆபீசர் இருந்தா நல்லாருக்காது."

அவள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "எடுத்துட்டு வாங்க" என்றாள். "ஒரு வீடும் விடாம எடுத்துட்டு வாங்க."

வெயில் சாயும் நேரத்தில் நீர்மாலை வந்தது. முன்னால் சங்கு, மேலே நாலு பேர் பிடித்த வேட்டி, அதன் நிழலில் முப்பது குடம். பெஞ்சில் கிடத்தியிருந்த தவசிமுத்துவின் தலைமாட்டில் செல்லக்கனி தன் வீட்டுக் குடத்தோடு நின்றாள். முதல் குடம் சொந்த வீட்டுக் குடமாக இருக்க வேண்டும். அது காலியாக இருந்தது.

"ஏட்டி, நான் ரெண்டு குடம் கொண்டாந்திருக்கேன்" என்றாள் ஜெயராணி மெதுவாக. "ஒண்ண உன் குடத்துல மாத்திக்க. வெறுங்குடம் கவுக்கக் கூடாது."

"வெறுங்குடமாவே இருக்கட்டும். அதுதான உண்மை."

காலிக் குடத்தை அவன் தலைக்கு மேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். ஒவ்வொரு வீடாக வந்து ஊற்றியது. நாலு மாசமாக நல்ல தண்ணீர் படாத உடம்பில் தண்ணீர் ஓடி, மடிப்பு மடிப்பாகக் காய்ந்து கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு தரையில் இறங்கியது. இதில் ஒரு குடம் இருந்திருந்தால் ஆள் இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

"போயிட்டியே தம்பி, என்னப் பெத்த ராசா" என்று ஜெயராணி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஊற்றினாள்.

"நெறைய ஊத்துங்க தலைவியம்மா" என்றாள் செல்லக்கனி. "முதுகுல படல பாருங்க. நல்லா ஊத்துங்க."

இடுகாட்டு வாசலில் கம்பம் நீல வெளிச்சத்தை அடித்தது. உடனே அணைய வேண்டியது அணையவில்லை. பாடையைத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். கம்பம் தேனீக் கூட்டம் மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒருவழியாக அணைந்தது. செல்லக்கனி பெண்களோடு தூரத்தில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். முப்பது தலையில் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் வலிக்க வலிக்கக் கட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் விடிகிற நேரம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். தெருவில் முதல் பெட்டி வாய் திறந்தது. கடைசி வீட்டுப் பெட்டி.

"ஆழ்ந்த இரங்கல். சண்முகவேல் அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாதது. அன்னாரின் குடிநீர்க் கடன் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. இந்த இணைப்பு நிரந்தரமாக மூடப்படுகிறது."

சண்முகவேல் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு வெளியே ஓடிவந்தார். "யாருக்குல இரங்கல்? நான் இங்கனதான நிக்கேன்!"

அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. வரிசையாக முப்பது வீட்டிலும் இரங்கல். தெரு மொத்தமும் செத்துப்போயிருந்தது. முதலில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடன் தள்ளுபடி என்ற வார்த்தை மட்டும் விளங்கியதும் ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். யாரோ குழாயைத் திருகினார்கள். காற்று வந்தது. பிறகு காற்றும் நின்றது.

கடைசியாகச் செல்லக்கனி வீட்டுப் பெட்டி பேசியது. "வணக்கம், செல்லக்கனி அவர்களே. உங்கள் நிலுவை நாற்பத்தேழாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய்."

விக்டர் பத்து மணிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடாமல் தெரு அவரைச் சூழ்ந்துகொண்டது.

"கம்பத்துக்கு ஒண்ணுதான் தெரியும்" என்றார் அவர். "பொணத்து மேல எந்த வீட்டுத் தண்ணி இருக்கோ, அந்த வீட்டுக் கடன்காரன் செத்துட்டான். ஒரே உடம்புல முப்பது வீடு வரும்னு அதச் செஞ்சவன் யோசிக்கல. இந்த ஊரு நீர்மாலை அவனுக்கு எங்க தெரியும்?"

"நாங்க உசுரோட இருக்கோம்னு நீங்க எழுதிக் கொடுங்க."

"எழுத்து செல்லாது. ரேகை வைக்கணும்."

"ரேகை கிடையாதுன்னு உமக்குத் தெரியும்லா?"

"இல்லன்னா உங்க வீட்டுத் தண்ணி உடம்புல இருக்கணும். நேத்து வரைக்கும் குடிச்சது இருக்குங்கறீங்களா? கணக்கு மூடினதும் அந்த அடையாளமும் செத்திருச்சு. லைட்டு அடிச்சா இனி எதுவும் காட்டாது." விக்டர் முகத்தைத் துடைத்தார். "புதுசா எழுதிப் போடலாம். புதுக் கடன், புது இணைப்பு. ஒரு வருசம் ஆகும். அதுக்குள்ள குழாய்ல ஒரு வீடாவது உசுரோட இருக்கணும். இல்லன்னா ஆளில்லாத ஊருன்னு மெயின் லைனையே பிடுங்கிட்டுப் போயிருவாங்க."

"உசுரோட எந்த வீடு இருக்கு?" என்றாள் ஜெயராணி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. எல்லாத் தலையும் செல்லக்கனி வீட்டுப் பக்கம் திரும்பியது.

"அவங்க கணக்கு ஒண்ணுதான் நிக்குது" என்றார் விக்டர். "முழுசாக் கட்டுனா குழாய் திறக்கும். முப்பத்தொரு வீட்டுத் தண்ணியும் அந்த ஒரு குழாய்லதான் வரும்."

"அவ எங்களுக்குக் கொடுத்தா குத்தமில்லையா?"

"தவணை கட்டாதவங்களுக்குக் கொடுத்தாத்தான் குத்தம்." விக்டர் ஹெல்மெட்டை மாட்டினார். "செத்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல."

ரெண்டு நாள் ஒருத்தரும் செல்லக்கனி வாசலுக்கு வரவில்லை. டீக்கடைக்காரன் கேனுக்கு விலையை ஏற்றினான். மூன்றாம் நாள் காலையில் ஜெயராணி முன்னால் வர, தெரு பின்னால் வந்தது. அவள் கையில் ஒரு மஞ்சள் பை.

"உனக்குத் தெரியும்லா?" என்றாள் ஜெயராணி. "ஒரு வீடும் விடாம எடுத்துட்டு வாங்கன்னு சொன்னப்பவே, ஊத்துறது கம்பத்துக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். சொல்லாம ஊத்த விட்ட."

"தெரியும். இப்படி ஆகும்னு தெரியாது. எங்க கடன் உங்க தலையில ஏறும்னு நெனச்சேன்."

"பாவி. இத வாய்கூசாம சொல்லுத."

"என்ன கூச்சம்? நீங்க ஒரு தம்ளர மண்ணுல ஊத்துனீய. நான் முப்பது குடத்த அவிய மேல ஊத்த விட்டேன். கைய தூக்கும்போது கூசுனுச்சா உங்களுக்கு?"

கூட்டத்தில் யாரோ, "பேசினது போதும், பிள்ளைங்க தவிக்கு" என்றார்கள். ஜெயராணி பையை நீட்டினாள். தள்ளுபடியில் மிஞ்சின தவணைப் பணம், ஆடு விற்றது, ஒரு கம்மல் அடகு வைத்தது, எல்லாம் அதில் இருந்தது. செல்லக்கனி வாங்கவில்லை.

"என் கையில எதுக்கு? பெட்டிகிட்ட கட்டுங்க. நீங்க போட்ட பூட்டு. நீங்களே திறங்க."

ஒவ்வொருவராக வந்து பெட்டியின் வாயில் நோட்டைச் செருகினார்கள். அது ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லி மீதியைச் சொன்னது. கடைசி நூறு ரூபாயை ஜெயராணி போட்டாள்.

"வாழ்த்துகள், செல்லக்கனி அவர்களே. உங்கள் கடன் தீர்ந்தது. நிலுவை எதுவும் இல்லை."

குழாய் ரெண்டு தடவை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. முப்பத்தொரு வீட்டு வேகத்தோடு வந்தது. குடங்கள் முட்டி மோதிக்கொண்டு முன்னே வந்தன.

"தள்ளுங்க" என்றாள் செல்லக்கனி.

அன்றைக்குக் காலியாகக் கவிழ்த்த குடத்தை எடுத்து வந்து குழாயடியில் வைத்தாள். நிரம்பி வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தாள். யார் பக்கமும் திரும்பவில்லை. குழாயை மூடிவிட்டுத்தான் போனாள். அதைத் திறக்க ஒருத்தர் கையும் நீளவில்லை. என்ன செய்யப்போகிறாளோ என்று தெருவே காலிக் குடத்தோடு அவள் பின்னால் நடந்தது. இடுகாட்டு வாசலில் கம்பம் லைட் அடிக்கவில்லை. உயிரோடு போகிறவர்களை அது கண்டுகொள்வதில்லை.

மண் இன்னும் இறுகாத மேட்டின் தலைமாட்டில் நின்று, குடத்தைச் சாய்த்தாள். நெஞ்சுக்கு, வயிற்றுக்கு, வீங்கிக் கிடந்த காலுக்கு என்று நடந்துகொண்டே ஊற்றினாள். வெயிலில் வெடித்திருந்த மண் சத்தம் போட்டு உறிஞ்சியது.

ஜெயராணிக்குத் தாங்கவில்லை. உதடு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. "ஏட்டி, பிள்ளைங்க நாக்கு வறண்டு நிக்கு. அவ்வளவு தண்ணியையும் மண்ணுலயா ஊத்துத?"

செல்லக்கனி கடைசிச் சொட்டு விழும்வரை குடத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"மண்ணு கணக்குக் கேக்காது, மைனி."